முடிவுள்ள வனவாசம்: ஆயுள் தண்டனை பற்றிய ஓர் அறவியல் நோக்கு

சட்டம் விதிக்கும் தண்டனைகளுள் மரண தண்டனைக்கும் கால வரையறை கொண்ட சிறைத் தண்டனைக்கும் பொருள் தெளிவானது. முன்னையது ஒரு நாளோடு முடிகிறது. பின்னையது எண்ணிக் கழிக்கக்கூடிய நாட்களோடு முடிகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கும் ஆயுள் தண்டனையோ, அதனை விதித்த நீதிபதியும் அனுபவிக்கும் கைதியும் முடிவுநாளை அறியாத ஒன்று. உயிர் உள்ளவரை என்று தீர்ப்புக் கூறுகிறது. ஆயினும் பதினைந்து, இருபது, முப்பது ஆண்டுகளின் பின் பலர் வெளியே வருகின்றனர். சிலர் உள்ளேயே மாள்கின்றனர். வந்தவர் எதனால் வந்தார், மாண்டவர் எதனால் மாண்டார் என்று வினவின், ஒரு நெறியில் அமைந்த விடை கிடைப்பதில்லை.

இக்கட்டுரை மூன்று வினாக்களை எடுத்துக்கொள்கிறது. பிறர் உயிரைப் பறித்த ஒருவன் மீண்டும் மனிதர் நடுவே வாழும் தகுதியை ஈட்டிக்கொள்ள முடியுமா? முடியுமெனின், அத்தகுதியை அளந்து கூறும் உரிமை யாருக்கு உண்டு? அவன் திரும்பி வரும்போது சமூகம் அவனுக்குச் செலுத்தவேண்டிய கடன் ஏதேனும் உண்டா? சட்டம் பயின்றவன் என்ற தகுதி எனக்கில்லை. மெய்யியலை ஒரு பாடமாகக் கற்கும் மாணவன் என்ற முறையிலும், புத்தளக் கரையோரத்தில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையிலுமே இவ்வினாக்களை அணுகுகின்றேன்.

பாரதம் கூறும் தண்டனை

கற்பிட்டி முனையிலிருந்து சிலாபம் வரை நீளும் எங்கள் கரையில் இந்துக்களும் முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் பௌத்தரும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கின்றனர். உடப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்தில் ஆடி மாதத்தில் நிகழும் தீமிதிப்பு இக்கரையின் பெருவிழாக்களுள் ஒன்று. பாரதக் கதையோடு பிணைந்த அவ்விழாவைக் கண்டு வளர்ந்த எவருக்கும் பாண்டவர் வனவாசம் ஏட்டில் படித்த செய்தியாக இராது. பாட்டியிடம் கேட்ட வீட்டுக் கதையாகவே இருக்கும்.

அந்த வனவாசத்தை ஒரு தண்டனை என்ற நோக்கில் ஆராய்ந்தால் மூன்று இயல்புகள் புலனாகின்றன. முதலாவது, அதற்கு முடிவு உண்டு: பன்னிரண்டு ஆண்டு காட்டு வாழ்வும் ஓராண்டு மறைந்துறையும் வாழ்வும். இரண்டாவது, அதற்கு நிபந்தனை உண்டு: மறைந்துறையும் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டால் வனவாசம் மீண்டும் தொடங்கும். இக்காலத்தில் நிபந்தனையின் பேரில் விடுவிக்கப்படும் கைதியின் நிலையும் இதனையே ஒத்தது. நிபந்தனையை மீறினால் அவன் மீண்டும் சிறை செல்வான். மூன்றாவது, தண்டனையை ஏற்றவர்களை மட்டுமன்றி விதித்தவர்களையும் அது கட்டுப்படுத்தியது. தவணை முடிந்ததும் நாட்டைத் திருப்பிக் கொடுப்பது துரியோதனன் கடன். ஊசிமுனையளவு நிலமும் தரமாட்டேன் என்று அவன் மறுத்தபோதே போர் தவிர்க்க முடியாததாயிற்று.

இம்மூன்றாவது இயல்பே எனது கருத்தின் அடிப்படை. தண்டனை ஓர் உடன்படிக்கையின் தன்மை உடையது. குற்றவாளி இழக்கவேண்டியதை அது வரையறுக்கிறது. அவ்வாறு வரையறுப்பதனாலேயே, அதற்கு மேல் அவனிடமிருந்து எதையும் பறிப்பதில்லை என்று தண்டிப்பவரும் வாக்களிக்கின்றனர். இவ்வாக்கு மீறப்பட்ட கொடிய உதாரணத்துக்கு நாம் தொலைதூரம் போகவேண்டியதில்லை. 1983 யூலை 25, 27 ஆகிய இரு நாட்களில் வெலிக்கடைச் சிறையினுள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். மரண தண்டனை விதிக்கப்பட்டு, மேன்முறையீட்டுக்குரிய காலத்தில் அங்கு வைக்கப்பட்டிருந்தோரும் அவர்களுள் அடங்குவர். தண்டித்த அரசு, தண்டிக்கப்பட்டவனின் உயிருக்குக் காவலன் என்ற கடமையை அன்று துறந்தது.

ஆயுள் என்ற சொல்லின் பொருள்

ஆயுள் தண்டனையின் மயக்கம் அச்சொல்லிலேயே தொடங்குகிறது. பதினான்கு ஆண்டுகள் கழிந்தால் ஆயுள் கைதி வெளியே வருவான் என்று பொதுமக்கள் பலர் நம்புகின்றனர். இந்திய உச்ச நீதிமன்றம் 1961 இல் கோபால் கோட்சே வழக்கில், ஆயுள் தண்டனை என்பது எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் குறிக்கும் என்று தெளிவாகத் தீர்ப்பளித்தது. 1978 இல் அந்நாட்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு, பாரிய குற்றங்களுக்கு ஆயுள் தண்டனை பெற்றோர் குறைந்தது பதினான்கு ஆண்டுகளைச் சிறையில் கழித்தாக வேண்டும் என்றது. பதினான்கு என்பது விடுதலைக்கான கோரிக்கையை எழுப்பக்கூடிய வாசற்படி மட்டுமே. வாசல் திறப்பது அரசின் கையில் உள்ளது.

இச்சொல் எவ்வளவு தற்செயலாக ஒருவன் தலைமேல் விழலாம் என்பதற்கு நம் நாட்டு வரலாறு சான்று தருகிறது. பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் அரசாங்கம் மரண தண்டனையை இடைநிறுத்தி வைத்திருந்தது. 1959 செப்டெம்பரில் அவரே சுட்டுக் கொல்லப்பட்டதும், அத்தண்டனை முற்காலத்துக்கும் செல்லத்தக்க வகையில் மீண்டும் கொண்டுவரப்பட்டது. சுட்டவரான சோமராம தேரர் 1962 யூலையில் தூக்கிலிடப்பட்டார். சதி செய்தோர் எனக் காணப்பட்ட புத்தரக்கித்த தேரருக்கும் எச். பி. ஜயவர்தனவுக்கும் மேன்முறையீட்டில் மரணம் ஆயுளாக மாறியது. புதிய சட்டத்தின் வாசகம் கொலையைக் குறித்ததேயன்றி, கொலைக்கான சதியை முற்காலத்துக்குச் செல்லும் வகையில் குறிக்கவில்லை என்பதே காரணம். திட்டமிட்டவர்கள் உயிர் பிழைத்தனர். அவர்களது ஏவலை நிறைவேற்றியவர் மாண்டார். புத்தரக்கித்தர் 1967 இல் சிறையிலேயே இறந்தார். உயிருக்கும் சாவுக்கும் இடையிலான எல்லையைக் குற்றத்தின் கனத்திலும் பார்க்கச் சட்ட வாசகத்தின் ஒரு குறையே தீர்மானித்தது.

1976 யூனுக்குப் பின் இலங்கையில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. 2019 இல் நால்வருக்கான ஆணையில் அன்றைய சனாதிபதி கையொப்பமிட்டபோதும் உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்து நிறுத்தியது. எனவே இந்நாட்டில் மரண தண்டனைத் தீர்ப்பும் நடைமுறையில் முடிவறியாச் சிறைவாசமாகவே உள்ளது. முடிவறியாத் தண்டனை மனித மாண்புக்கு ஏற்றதா என்ற வினாவைப் பிற நாடுகளும் எதிர்கொண்டுள்ளன. மேற்கு ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 1977 இல், ஆயுள் கைதிக்கும் சுதந்திரத்தை மீண்டும் அடையும் மெய்யான வாய்ப்பு இருத்தல் வேண்டும் என்றது. 2013 இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், பிரித்தானியக் கைதிகள் தொடுத்த வழக்கில், மீளாய்வுக்கே இடமளிக்காத ஆயுள் தண்டனை மனிதத் தன்மையற்றது என்றது. எவரையும் விடுவித்தே ஆகவேண்டும் என்று இத்தீர்ப்புகள் கூறவில்லை. நம்பிக்கையின் கதவை அடியோடு மூடிவிடலாகாது என்றே கூறின.

சிறையின் காலம்

எங்கள் கரைக்கு நேரே கடலுக்கு அப்பால் தூத்துக்குடி இருக்கிறது. அங்கிருந்து கொழும்புக்குச் சுதேசிக் கப்பல் விட்ட வ. உ. சிதம்பரனார் தமிழ் உலகம் அறிந்த ஆயுள் கைதி. 1908 யூலையில் நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேன்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912 டிசெம்பரில் அவர் விடுதலையானார். கோயம்புத்தூர்ச் சிறையில் அவர் செக்கிழுத்தார். செக்கில் பூட்டப்பட்டவன் நாள் முழுவதும் நடக்கிறான். எங்கும் போய்ச் சேர்வதில்லை. ஆயுட்சிறையின் காலமும் அத்தகையதே. வெளியிலுள்ளவனுக்கு ஓர் ஆண்டு என்பது அறுவடை, திருமணம், பிள்ளையின் வகுப்பேற்றம் என நிகழ்வுகளால் நிறைந்து முன்னே நகர்கிறது. கைதிக்கு அதே ஆண்டு ஒரே வட்டத்தில் சுழல்கிறது.

நமது பழைய இலக்கியம் சிறையின் இத்துயரை அறியாததன்று. நீர் கேட்டுக் காலந்தாழ்த்திப் பெற்றதனால் மானம் குன்றிய சேரமான் கணைக்கால் இரும்பொறையின் செய்தியைப் புறநானூறு பேணி வைத்துள்ளது. ஒரு குவளை நீருங்கூட வேறொருவன் மனமிரங்கித் தருவதாய் மாறிப்போவதே சிறை என்பதை அச்செய்தி உணர்த்துகிறது. மணிமேகலையிலோ சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கப்படுகிறது. சாத்தனார் காட்டும் அம்மாற்றத்தில், கைதியைத் திருத்துவதற்கு முன்னர் சிறையைத் திருத்தவேண்டும் என்ற கருத்து உட்கிடையாக உள்ளது எனலாம்.

தகுதியை ஈட்டுதல்

நன்னடத்தையால் விடுதலையை ஈட்டலாம் என்பது பல நாட்டுச் சட்டங்களின் பொதுக்கொள்கை. நம் நாட்டிலும் தண்டனைக் கழிவு, வீட்டு விடுமுறை, அனுமதிப்பத்திரத்தின் பேரில் விடுவித்தல், திறந்தவெளிச் சிறைமுகாம் ஆகிய ஏற்பாடுகள் உள்ளன. இக்கொள்கை நல்லதே. எனினும் 'நன்னடத்தை' என்ற சொல்லைச் சற்றே ஆராய்தல் வேண்டும். சிறையில் ஒருவன் விதிகளுக்குப் பணிந்து நடந்தான் என்பது, அவன் சிறையில் வாழக் கற்றுக்கொண்டான் என்பதையே முதலிற் காட்டுகிறது. தன் செயலின் கனத்தை உணர்ந்தவனும் பணிவான். வெளியேறும் நாளைக் கணக்கிடும் தந்திரசாலியும் பணிவான். பதிவேட்டில் இருவருக்கும் ஒரே புள்ளிதான்.

மேலும், குற்றத்தை ஒப்புக்கொண்டு வருந்துவதே தகுதியின் அடையாளம் எனக் கொண்டால் மற்றொரு முரண்பாடு எழுகிறது. தான் செய்யவில்லை என்று உண்மையாகவே கூறுபவன் எதற்காக வருந்துவான்? ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991 யூனில், பத்தொன்பது வயதில் கைதான பேரறிவாளனின் நிலை இதனை விளக்கும். மின்கலம் வாங்கிக் கொடுத்ததே அவர்மீது கூறப்பட்ட செயல். அது எதற்கென்று தமக்குத் தெரியாது என அவர் கூறியதை வாக்குமூலத்தில் தாம் பதிவுசெய்யவில்லை என்று, அவ்வாக்குமூலத்தை எழுதிய அதிகாரியே 2013 இல் வெளிப்படுத்தினார். மரண தண்டனை பெற்ற பேரறிவாளனுக்கு 2014 இல் அது ஆயுளாகக் குறைக்கப்பட்டது. கருணை மனுவை முடிவு செய்யாமல் பதினொரு ஆண்டுகள் தாமதித்ததே அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. சிறையிலிருந்தே உயர்கல்வி கற்றார். 2017 ஓகஸ்டில், இருபத்தாறு ஆண்டுகளின் பின்னரே, நோயுற்ற தந்தையைக் காண முதன்முறையாகப் பரோல் பெற்றார். 2018 இல் தமிழக அமைச்சரவை விடுதலைக்குப் பரிந்துரைத்தும் ஆளுநர் முடிவெடுக்காதிருந்தமையால், 2022 மே 18 இல் உச்ச நீதிமன்றமே அவரை விடுவித்தது. அவர் ஈட்டவேண்டியவற்றை நெடுங்காலத்துக்கு முன்பே ஈட்டிவிட்டார், கொடுக்கவேண்டியவர்களே காலந்தாழ்த்தினர்.

இதற்கு எதிர்த்தரப்பில் ஒரு வலிய வாதம் உண்டு. ரோகண விஜேவீர 1971 ஏப்பிரல் கிளர்ச்சி தொடர்பாகக் குற்றவியல் நீதி ஆணைக்குழுவால் ஆயுள் தண்டனை பெற்றவர். பின்னர் அது இருபது ஆண்டுகளாகக் குறைந்தது. 1977 இல் ஆட்சி மாறி, ஆணைக்குழுச் சட்டமே நீக்கப்பட, அவர் வெளியே வந்தார். பத்தாண்டுகளின் பின் அவரது தலைமையில் எழுந்த இரண்டாம் கிளர்ச்சியும் அதனை அடக்கிய அரச வன்முறையும் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டன. 1977 இல் கதவு திறக்கப்படாதிருந்தால்? இவ்வினாவை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அதே வழக்கில் தண்டனை பெற்று விடுதலையான விக்ரர் ஐவன், ஆயுதத்தை அடியோடு துறந்து, 'ராவய' பத்திரிகையின் ஆசிரியராக நெடுங்காலம் எழுத்தால் போராடினார். ஒரே சிறை, ஒரே விடுதலை. இரு வேறு வாழ்வுகள். விடுதலைக்குப் பின் ஒருவன் என்ன செய்வான் என்பதை முன்கூட்டியே உறுதி செய்யும் அளவுகோல் எவரிடமும் இல்லை. ஐவனையும் உள்ளே வைத்திருந்தால்தான் விஜேவீரவை உள்ளே வைத்திருக்கலாம் என்றால், அது நீதியின் பெயரால் நடக்கும் காப்புறுதி வணிகம். அன்று நிகழ்ந்தது தகுதி பார்த்து அளித்த விடுதலையும் அன்று. ஒருவர் ஒருவராக ஆராயாது, ஆட்சி மாற்றத்தின் அலையில் கதவு திறந்தது. எனவே அந்நிகழ்ச்சி தரும் பாடம் விடுதலைக்கு எதிரானதாகாது. ஆராயாத விடுதலைக்கு எதிரானதே ஆகும்.

மன்னிப்பவர் யார்?

அளக்கும் உரிமை யாருக்கு என்ற வினாவுக்கு எங்கள் கரையிலேயே மூன்று விடைகள் உள. தலவில் புனித அன்னம்மாள் திருத்தலத்தில் முழந்தாளிடும் கத்தோலிக்கர், மனம் வருந்துபவனை மன்னிப்பவர் இறைவனே என்பர். பக்கத்து ஊரின் முஸ்லிம் பெரியவர், கொலையுண்டவனின் வாரிசுகளுக்கே மன்னிக்கும் உரிமை உண்டென இஸ்லாமியச் சட்டம் கூறுவதை எடுத்துக்காட்டுவார். அரசியலமைப்போ அதனைச் சனாதிபதியின் கையில் வைத்துள்ளது.

பாதிக்கப்பட்டோரிடம் திறவுகோலைக் கொடுப்பது முதற்பார்வையில் மிகவும் நீதியானதாகத் தோன்றும். இழந்தவர்கள் அவர்கள்தாமே! ஆயின் மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்கை நினைத்துப் பார்ப்போம். சவூதி அரேபியாவில் பணிப்பெண்ணாக இருந்த அவர்மீது, தம் பொறுப்பிலிருந்த குழந்தை இறந்தமைக்காகக் கொலைக்குற்றம் சுமத்தப்பட்டது. வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டோடு சென்ற ஏழைப் பெண் அவர். குழந்தையின் பெற்றோர் மன்னிக்கவில்லை. 2013 சனவரி 9 இல் தண்டனை நிறைவேறியது. துயரில் மூழ்கிய ஒரு குடும்பத்திடம் பிறரது உயிரை ஒப்படைப்பது, அக்குடும்பத்தின் மீதும் தாங்கொணாச் சுமையை ஏற்றுவதாகும். ராஜீவ் வழக்கில் மறுபுறத்தைக் காண்கிறோம். நளினியின் தூக்குத் தண்டனையைக் குறைக்கச் சோனியா காந்தி இசைந்தார். 2008 இல் பிரியங்கா வேலூர்ச் சிறைக்கே சென்று நளினியைச் சந்தித்தார். ஆனால் அதே குண்டுவெடிப்பில் உயிரிழந்த வேறு சிலரின் குடும்பத்தார் விடுதலையை எதிர்த்தனர். இவர்களுள் யாருடைய சொல் வெல்வது? ஒரு தந்தையை இழந்த மகளின் மன்னிப்பு, மற்றொரு தந்தையை இழந்த பிள்ளையின் மறுப்பை அழித்துவிடுமா?

ஆட்சியாளனின் கையில் மட்டும் விடுவதன் விளைவையும் அண்மைக்கால வரலாறு காட்டிவிட்டது. 2000 டிசெம்பரில் மிருசுவிலில் சிறுவர் உட்பட எட்டுத் தமிழர் கொல்லப்பட்ட வழக்கில் 2015 இல் மரண தண்டனை பெற்ற படைவீரர் ஒருவருக்கு, 2020 மார்ச்சில் சனாதிபதி பொதுமன்னிப்பு அளித்தார். ரோயல் பார்க் கொலை வழக்கின் குற்றவாளிக்கு 2019 நவம்பரில் அளிக்கப்பட்ட மன்னிப்பை உயர் நீதிமன்றம் 2024 இல் செல்லாததாக்கியது. இந்தியாவில் பில்கிஸ் பானு வழக்கின் ஆயுள் கைதிகள் பதினொருவர் 2022 ஓகஸ்ட் 15 இல் விடுவிக்கப்பட்டு மாலையிட்டு வரவேற்கப்பட்டனர். 2024 சனவரியில் உச்ச நீதிமன்றம் அவ்விடுதலையை நீக்கி அவர்களை மீண்டும் சிறைக்கு அனுப்பியது. இதற்கு நேர்மாறாக, 2018 மார்ச்சில் கிளிநொச்சியில் ஒரு தமிழ் அரசியல் கைதி, ஆயுள் தண்டனை அனுபவிப்பவர், மனைவியின் இறுதிச் சடங்குக்காகச் சில மணி நேரமே அழைத்து வரப்பட்டார். திரும்பிச் செல்லும் சிறைச்சாலை வாகனத்தில் தந்தையோடு ஏற முயன்ற அவரது சிறுமகளின் படம் நாட்டையே உலுக்கியது. மன்னிப்பு வேண்டிப் பலர் எழுதினர். அவ்வாண்டில் அவருக்குக் கதவு திறக்கவில்லை. கருணை செல்வாக்கின் வழியே பாயுமெனில் அதனைக் கருணை என்று அழைப்பது சொல்லுக்கே இழுக்கு.

ஆகவே அளக்கும் உரிமை இறைவனிடமோ, குடும்பத்திடமோ, ஆட்சியாளனிடமோ தனித்து இருத்தலாகாது. வெளிப்படையான விதிகளின்படி, காரணங்களை எழுத்தில் தந்து, நீதிமன்ற மீளாய்வுக்கு உட்பட்டு இயங்கும் ஒரு சபையிடமே அது இருத்தல் வேண்டும். பாதிக்கப்பட்டோர் அச்சபையின் முன் தம் குரலை எழுப்ப உரிமையுடையோர். ஆனால் தீர்ப்பின் சுமை அவர்கள் தோள்மீது வைக்கப்படலாகாது.

திரும்பி வருதல்

எங்கள் கரையின் ஒரு மீனவக் கிராமத்தில், கைகலப்பொன்றில் உறவினர் ஒருவரைக் கொன்று ஆயுள் தண்டனை பெற்ற ஒருவர் நீண்ட ஆண்டுகளின் பின் வீடு திரும்பினார். விடுமுறை நாட்களில் அவரோடு நான் பேசியதுண்டு. சிறையில் ஆண்டுகளைத் தாம் எண்ணவில்லை, தவறிப்போன ஆடித் திருவிழாக்களையே எண்ணினேன் என்றார். இரவு முழுதும் விளக்கெரியும் கூடத்தில் உறங்கிப் பழகியவருக்கு, வீட்டின் இருளில் பல மாதங்கள் உறக்கம் வரவில்லை. இவற்றிலும் கடினமாயிருந்தது கரைவலை. பலர் ஒரே கயிற்றைப் பிடித்து, அம்பாப் பாட்டின் தாளத்துக்கு ஒரே மூச்சாய் இழுக்கும் தொழில் அது. கயிற்றில் நிற்பவன் முன்னும் பின்னும் நிற்போரின் நம்பிக்கையில் நிற்கிறான். முதல் நாள் அவருக்குப் பின்னால் நிற்க எவரும் முன்வரவில்லையாம். சம்மாட்டி தாமே வந்து அவர் பின்னால் கயிற்றைப் பிடித்தார். மறுநாள் மற்றவர்களும் வந்தனர். பங்கு பிரிக்கும்போது அவருக்கும் ஒரு பங்கு விழுந்தது. "அண்டைக்குத்தான் தம்பி எனக்கு விடுதலை" என்றார்.

ஆயினும் இக்கதைக்கு மறுபுறம் ஒன்றுண்டு. கொல்லப்பட்டவரின் மனைவி அதே கிராமத்தில், இரண்டு ஒழுங்கை தள்ளி வாழ்கிறார். அவர் வாசலைக் கடக்கலாகாது என்பதற்காக இந்த மனிதர் கடற்கரைக்கு ஊரைச் சுற்றியே போய் வருகிறார். அவர் வந்ததைப் பற்றி அந்த அம்மாவிடம் என் தாயார் ஒருமுறை கேட்டார். கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை என்ற அவர் சொன்னது ஒன்றே: "வாறார் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லயில்ல. கடைக்குப் போன இடத்திலதான் கண்டன்." தண்டனையைக் குறைத்தவர்கள், விடுதலைப் பத்திரத்தில் ஒப்பமிட்டவர்கள், அழைத்து வந்த உறவினர் ஆகிய எவருக்கும் அந்தப் பெண்ணின் நினைவு வரவில்லை. விடுதலை குறித்த நமது விவாதங்களில் கைதியும் அரசும் எதிரெதிரே நிற்க, இழந்தவர் எங்கோ கடை வாசலில் நிற்கிறார்.

சமூகம் செலுத்தவேண்டிய கடன் இரு பக்கத்தது என்பதை இவ்விருவரும் எனக்கு உணர்த்தினர். திரும்புபவனுக்குக் கயிற்றில் ஓர் இடம் வேண்டும். சிதம்பரனாருக்கே அது எளிதிற் கிட்டவில்லை. அவர் சிறையிலிருந்தபோதே கப்பற் கம்பனி கலைந்தது, வழக்கறிஞர் உரிமம் பறிபோயிற்று, வறுமையே மிஞ்சியது. பின்னர் அவ்வுரிமத்தை மீட்டுத் தந்த ஆங்கில நீதிபதி வாலஸின் பெயரைத் தம் மகனுக்கு வாலேசுவரன் எனச் சூட்டினார். அந்நிய ஆட்சியை எதிர்த்துச் செக்கிழுத்தவர், அதே ஆட்சியின் நீதிபதி ஒருவர் தம்மை மீண்டும் மனிதராய் மதித்ததை மறக்கவில்லை. மறுதலையாக, உடுப்பிட்டியைச் சேர்ந்த சாந்தன் 2022 நவம்பரில் சிறையிலிருந்து விடுதலை பெற்றும் திருச்சிச் சிறப்பு முகாமில் அடைக்கப்பட்டார். முதிய தாய் காத்திருக்க, நாடு திரும்பும் ஏற்பாடுகள் கைகூடிய வேளையில், 2024 பெப்ருவரி 28 இல் சென்னை மருத்துவமனையில் இறந்தார். அவரது உடல் மட்டுமே வடமராட்சி வந்து சேர்ந்தது. நீதிமன்றம் முடித்துவைத்த தண்டனையை நிருவாகம் நீட்டித்தது. தவணை முடிந்த பின்னும் நிலம் தர மறுத்தவனுக்கும் இதற்கும் வேற்றுமை காண்பது அரிது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் சில முடிவுகள் பெறப்படும். கொலை செய்தவன் இழந்த உயிரை ஒருபோதும் ஈடு செய்ய முடியாது. அவன் ஈட்டக்கூடியது மன்னிப்பு அன்று, ஆராயப்படும் உரிமையே. அவ்வுரிமையை எந்தக் கைதிக்கும் மறுத்தலாகாது. ஆராய்ந்தபின் சிலருக்கு இல்லை என்று கூறவேண்டி நேரலாம். அதற்கும் காரணம் கூறப்படல் வேண்டும். ஆராய்வோர் பணிவை மட்டும் அளவாது, அவன் தன் செயலையும் அதன் விளைவையும் எவ்வாறு நோக்குகிறான், வெளியே அவனுக்கு எத்தகைய வாழ்வு காத்திருக்கிறது என்பனவற்றையும் காணவேண்டும். குற்றத்தை மறுப்பவனுக்கு அம்மறுப்பே தடையாகக் கூடாது. இழந்தவர்களுக்கு முன்னறிவித்தல் சட்டக் கடமையாதல் வேண்டும்.

இவை அனைத்தும் சட்டத்தால் செய்யத்தக்கவை. சட்டத்தால் செய்ய முடியாத ஒன்றும் உண்டு. ஆடியில் தீமிதித்துத் திரும்பும் மக்கள், பாண்டவர் மீண்ட கதையைக் கேட்டு நெகிழ்கின்றனர். அதே மக்கள், தண்டனை முடித்து வந்த அயலவனுக்குப் பெண் கொடுக்கவும் வேலை கொடுக்கவும் தயங்குகின்றனர். இத்தயக்கம் முழுவதும் தவறென்று நான் கூறவில்லை. அச்சத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் பல்கலைக்கழகத்தில் கற்று நாளை நீதவான்களாகவும் நிருவாகிகளாகவும் ஆசிரியர்களாகவும் போகவிருக்கும் நாம், அத்தயக்கத்தை நம்முள்ளேயே முதலில் ஆராய்ந்து பார்த்தல் தகும். சட்டத்தின் திறவுகோல் ஒரு கதவைத்தான் திறக்கும். அதற்கப்பால் கயிற்றின் ஓரத்தில் போய் நிற்க ஒரு சம்மாட்டி வேண்டும். கடை வாசலில் நிற்கும் பெண்ணிடம் முன்னரே போய்ச் சொல்லவும் ஒருவர் வேண்டும்.